தளபதி எலியாவின் கல்யாணத் துணி

எங்கள் எலியா மாமாவுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு: கல்யாணத் துணி. எங்கள் ஊரான கொல்லயில் பக்கம் போய் வயதானவர்களிடம் தையல்கார எலியா வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். கல்யாணத் துணி எலியா என்று கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே கை காட்டுவார்கள். அவருடைய சவப்பெட்டியைத் தூக்கும்போதுகூட யாரோ அந்தப் பெயரைச் சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. பெட்டிக்குள் படுத்திருந்த மாமா மேலும்தான் வந்தது.

மாமா என் அம்மா ஜெயபாயின் அண்ணன். உதியன்குளங்கரை முக்கில் தையல் கடை வைத்திருந்தார். ஆள் ஒல்லி. குரல் மட்டும் ஆளுக்குப் பொருந்தாத பெரிய குரல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீர்த்தனையை எடுத்துக் கொடுப்பது அவர்தான். அவர் எடுத்தால் கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிறவரும் எழுந்து நின்றுவிடுவார். அப்பா ராஜதாஸ் ஆர்மோனியம் வாசிப்பார். பாட்டும் பெட்டியும் ஒட்டிக்கொண்டு திரிந்ததில் மாமா தன் தங்கையையே அப்பாவுக்குக் கட்டிக் கொடுத்தார்.

இனி நான் சொல்லப்போவதை எனக்குச் சொன்னவர் மாமாவேதான். அதுவும் அப்பாவை அடக்கம் பண்ணின பிறகு. கேட்க வேண்டிய ஆள் உயிரோடு இருந்த காலமெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் என்னைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. தேயிலைத் தண்ணி ஆறிப்போகிறது, குடியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அப்போது ஐம்பத்து நாலாம் வருஷம். திருவிதாங்கூரின் தெற்கே கிடக்கிற தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவும் அந்தக் கோரிக்கையில் இருந்தது. கடைசியில் கோடு போட்டபோது நாங்கள் கோட்டுக்கு வடக்கே நின்றுவிட்டோம் என்பது வேறு கதை. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. ஊர்வலம் போனால் மாமா முன்னால் நின்று பாடுவார். அந்தக் குரலுக்காகவே கூட்டம் சேரும். பாடிப் பாடியே அவர் வீரன் என்று பெயர் வாங்கிவிட்டார். அதுவரை அந்தப் பெயரைச் சோதித்துப் பார்க்க ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை.

ஆடி மாதம் மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்கள் வீட்டுக்குக் கொடுக்க எங்கள் சபையில் துணிமணி சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு வேட்டி, சேலை. பிள்ளைகளுக்குச் சட்டையும் பாவாடையும் மாமா ராத்திரி பகலாக உட்கார்ந்து தைத்தார். எல்லாவற்றையும் இரண்டு மூட்டையாகக் கட்டி ஆளுக்கொன்று மடியில் வைத்துக்கொண்டு, மாமாவும் அப்பாவும் பஸ் ஏறினார்கள். ஒரே சீட்டு. மாமா ஜன்னல் ஓரம், அப்பா இந்தப் பக்கம்.

பாறசாலை தாண்டியதும் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. காக்கி நிக்கரும் உயரத் தொப்பியுமாக ஒருவன் ஏறி, ஒவ்வொரு சீட்டாகக் கேட்டுக்கொண்டு வந்தான். மலையாளத்தில் சொன்னவரை விட்டான். தமிழில் சொன்னவரை இறக்கினான். கீழே அடி விழும் சத்தம் உள்ளே கேட்டது.

அப்பாவிடம் வந்து, "எவிடேக்காடா?" என்றான்.

ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா திருவனந்தபுரத்தில் ஓர் அச்சகத்தில் மலையாள எழுத்துக் கோத்தவர். நாயர் வீட்டுக் கல்யாணத்தில் போய் உட்கார்ந்தாலும் ஒருவருக்கும் சந்தேகம் வராத மலையாளம் அவருடையது. அந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து தமிழில் சொன்னார்: "மார்த்தாண்டத்துக்கு. செத்தவங்க வீட்டுக்குத் துணி கொண்டு போறேன்."

போலீஸ்காரன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டே மாமாவைப் பார்த்தான். "நினக்கு இவனெ அறியாமோ?"

மாமா மலையாளத்தில் சொன்னார். எனக்குத் தெரியாது சாரே. நான் தையல்காரன். இது கல்யாணத்துக்கு உள்ள துணி.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, மக்கா, என்றார் மாமா என்னிடம். கேட்காததையும் சேர்த்துச் சொன்னாராம். மூட்டையை லேசாக அவிழ்த்து ஒரு பாவாடையைக் காட்டவும் செய்தாராம். அப்பா திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இவரும் மாட்டியிருப்பார். பார்க்காமலே இறங்கிப் போனார். பஸ் கிளம்பிவிட்டது.

மாமா களியக்காவிளையில் இறங்கி, ரோட்டைப் பிடிக்கப் பயந்து, வயலும் தோட்டமுமாகச் சுற்றி வீட்டுக்கு வந்தார். முள் கிழித்து உடம்பெல்லாம் கீறல், வேட்டியெல்லாம் சேறு. ஊர் அவரைப் பார்த்ததும் போலீஸை ஏமாற்றிவிட்டு ஓடி வந்தவர் என்று முடிவு கட்டியது. அவர் மறுக்கவில்லை. அம்மா மட்டும் கேட்டாள்: "அவர எறக்குனப்போ நீங்க எங்க அண்ணா இருந்திய?"

"எடம் இல்லாம நான் பின்னால போய் இருந்தேன் ஜெயா. திரும்பிப் பாக்கதுக்குள்ள எறக்கிட்டானுவ" என்றார் மாமா.

நான் அப்போது அம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை. அம்மா என்னையும் தூக்கிக்கொண்டு ஜெயிலுக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். அப்பா திரும்பி வந்தபோது அவருடைய வலது மணிக்கட்டு மடங்காது, விரல்கள் குவியாது. ஆர்மோனியப் பெட்டியை அம்மா துணி போட்டு மூடி வைத்தாள். பஸ்ஸில் நடந்ததைப் பற்றி அப்பா யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்த அன்றைக்கே மாமாவின் கடைக்குப் போய், "சொகந்தானா அத்தான்?" என்று கேட்டார். மாமாவுக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. அப்பா போகும்வரை கோத்துக்கொண்டே இருந்தாராம்.

அதற்குப் பிறகு அப்பா எதிரே வந்தால் மாமாவுக்கு உடம்பு கூசும். திட்டினாலாவது தேவலை என்று இருக்கும். அப்பாவோ கோழி அறுத்தால் ஒரு கிண்ணம் கறியைக் கொடுத்து விடுவார்.

மறு வருஷம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒரு சங்கீத நாடகம் போடுவது என்று வாலிபர் சங்கம் தீர்மானித்தது. எழுதியவர் பள்ளிக்கூடத்து வேதமாணிக்கம் சார். நாடகத்தின் பெயர் 'எல்லைக் காவலன்'. யாரோ ஒரு ராஜா, யாரோ ஒரு தளபதி. ஆனால் எந்த எல்லை, எந்தக் காவல் என்று கைக்குழந்தைக்கும் புரியும். தளபதி வேஷம் எலியாவுக்குத்தான் என்று சார் சொன்னதும் மாமா பதறிப்போனார். அவர் ஜன்மத்தில் மேடை ஏறியதில்லை. கீர்த்தனை எடுத்துக் கொடுப்பதுகூடக் கண்ணை மூடிக்கொண்டுதான்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர், ராத்திரி தூங்காமல் கிடந்து, விடிந்ததும் சாரைத் தேடிப் போனார்.

"சாரே, நான் நடிக்கேன். ஆனா ஒரு காட்சி வேணும்."

"என்ன காட்சிவே?"

"தளபதிக்க தம்பிய எதிரிப் பட்டாளம் பிடிச்சிருக்கணும். தளபதி வழிப்போக்கன் மாதிரி வேஷம் மாறி அந்த வழியா வரணும். இவன உனக்குத் தெரியுமான்னு சிப்பாயி கேக்கணும். தெரியாதுன்னு சொன்னா தளபதி தப்பிச்சுப் போயிரலாம். ஆனா அவரு போர்வைய வீசிப்போட்டு, இவன் எனக்க தம்பி, மொதல்ல என்னத் தொடு அப்படீன்னு பாடணும்."

சார் சந்தோஷத்தில் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கைதட்டு வாங்குகிற இடம் என்று அவருக்குப் பட்டது. அன்றைக்கே உட்கார்ந்து, சபையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனை மெட்டில் அந்தப் பாட்டை எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து நாடகப் பாட்டெல்லாம் அப்படித்தான். மெட்டு கோவிலில் இருந்து வரும், வார்த்தையை மட்டும் மாற்றுவார்கள்.

மாமாவின் கணக்கு வேறு. அப்பாவின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க அவருக்குத் துணிவு இல்லை. மேடையில் ஏறி, ஊர் கேட்க, அப்பா கேட்க, அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைப் பாட்டாகச் சொல்லிவிட்டால் போதும், அப்பாவுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை பாட்டையும் வசனத்தையும் நெட்டுருப் போட்டார். கேட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. நாலு வீடு தள்ளி இருக்கிற மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்ல, தளபதி உடுப்பும் பின்பாட்டும் வேண்டியிருந்ததா இவருக்கு?

கை போன அப்பாவுக்கும் நாடகத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, மறந்துபோகிறவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது. ஒத்திகையில் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் மாமா திரையைப் பார்த்துத்தான் பாடுவார். நல்லாவும் பாடினார். "அத்தானுக்கு இந்தப் பாட்டு வாச்சிருக்கு" என்று அப்பா சொன்னாராம். மாமா அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தார்.

எதிரிச் சிப்பாய் வேஷத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் முக்கில் சாயாக்கடை வைத்திருந்த கிருஷ்ணன்குட்டி ஒத்துக்கொண்டார். எங்கள் ஊரில் போராட்டம் ஒரு பக்கம், சாயா ஒரு பக்கம். கிருஷ்ணன்குட்டி மலையாளி என்று எல்லோருக்கும் தெரியும், அவர் கடையில் அதற்காக ஒரு சாயா குறைந்ததும் இல்லை. வாலிபர்களுக்கு ஒரு குறும்பு தோன்றியது. ராஜா காலத்துச் சிப்பாய்க்கு காக்கி நிக்கரும் உயரத் தொப்பியும் தைத்துப் போட வேண்டும், கூட்டம் பார்த்ததும் புரிந்துகொள்ளும் என்றார்கள். தைக்க வேண்டியவர் மாமா. வீரன் என்று பெயர் எடுத்தவர் எப்படி மாட்டேன் என்பார்? அளவெடுத்து அவரே வெட்டி, அவரே தைத்துக் கொடுத்தார்.

இருட்டின பிறகு கூட்டம் கூடக் கூடாது என்று போலீஸ் உத்தரவு. ஆகவே நாடகம் பட்டப்பகலில். ஆராதனை முடிந்து, காணிக்கைப் பொருள் ஏலம் முடிந்து, கோவில் வளாகத்தில் ஓலைப் பந்தலுக்குள் மூன்று மணிக்குத் தொடங்கினார்கள். மேடை ஏறியதும் மாமாவுக்குத் தலை சுற்றியது. விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிறவனுக்கு எதிரே இருக்கிற கூட்டம் தெரியாது. இவருக்கு ஒவ்வொரு முகமும் தெரிந்தது. இவர் தைத்துக் கொடுத்த சட்டைகளே வரிசையாக உட்கார்ந்திருந்தன. முன்னால் பெண்கள் பக்கத்தில் அம்மா, மடியில் நான்.

முதல் இரண்டு பாட்டு நன்றாகவே போயிற்று. மூன்றாவதாக அந்தக் காட்சி வந்தது. கையைக் கட்டின தம்பியைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். மாமா போர்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு மூட்டையோடு வந்தார். வழிப்போக்கன் என்றால் மூட்டை வேண்டும் என்று யாரோ கடைசி நேரத்தில் கொடுத்தது. கிருஷ்ணன்குட்டி தொப்பியும் நிக்கருமாக வந்து நின்றதும் கூட்டம் ஊளையிட்டது. அந்த ஊளையில் அவருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. இரண்டு மாதம் சொல்லிப் பழகின தமிழ் வசனம் பறந்துபோய், சொந்தப் பாஷை வாயில் வந்தது.

"எடா! நினக்கு இவனெ அறியாமோ?"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். கேட்கிறவர் எந்தப் பாஷையில் கேட்கிறாரோ, அந்தப் பாஷையிலேயே பதில் வந்துவிடும். யோசிக்கிற வேலையே இல்லை. நாக்கு தானாகத் திரும்பிக்கொள்ளும். தளபதியின் நாக்கும் திரும்பியது.

"எனிக்கறிஞ்சூடா சாரே! ஞான் தையல்காரனாணே. இது கல்யாணத்தினுள்ள துணியாணே!"

சொன்னதோடு நிற்காமல், குனிந்து மூட்டையை வேறு அவிழ்த்தார்.

பந்தல் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. ஆண்கள் தொடையைத் தட்டினார்கள், பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். பயத்தில் சொந்தத் தொழிலை உளறிவிட்டார் என்று எல்லோருக்கும் அது பெரிய வேடிக்கை. கட்டுண்டு கிடந்த தம்பியே சிரித்துவிட்டான். சிரிக்காமல் இருந்தது அம்மா ஒருத்திதான். நாடகத்தில் எங்கும் கல்யாணம் கிடையாது. மார்த்தாண்டத்துக்குத் துணி மூட்டைகளைக் கட்டின நாள் அவளுக்கு நினைவு இருந்தது. அவள் பார்வை தன் மேலேயே நின்றதை மாமா பார்த்தார்.

திரைக்குப் பின்னால் இருந்து அப்பாவின் குரல் மெதுவாக வந்தது. "இவன் என் தம்பி. பாடுங்க அத்தான், இவன் என் தம்பி."

மாமா அவிழ்த்த மூட்டையையே பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா மறுபடியும் எடுத்துக் கொடுத்தார். கிருஷ்ணன்குட்டி பாவம், தன் தப்பைப் புரிந்துகொண்டு அதே கேள்வியைத் தமிழில் கேட்டுப் பார்த்தார். ஆர்மோனியக்காரர் முதல் சுரத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கி, கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது.

அப்போது அப்பா பாடிவிட்டார். திரைக்குப் பின்னால் நின்றபடி, முழுக் குரலில், இவன் என் தம்பி, இவனுக்கு முன்னே என்னைத் தொடு என்று பாட்டை எடுத்தார். மாமா போர்வையை வீசிப்போட்டு வாயை அசைத்தார். பின்பாட்டு அந்தக் காலத்தில் புதிதல்ல. கூட்டத்துக்கு யார் குரல் என்ற கவலை இல்லை. மெட்டு தெரிந்த மெட்டு. இரண்டாவது அடியில் சபையே சேர்ந்து பாடியது. மூன்றாவது அடியில் எழுந்து நின்றுவிட்டார்கள். கைதட்டு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவும் தளபதிக்கு.

நாடகம் முடிந்ததும் அசனம். பண்டிகைக்கு சபையார் எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஒன்றாக உண்கிற விருந்து. மாமா வேஷத்தைக் கலைத்துவிட்டு நழுவப் பார்த்தார். வாலிபர்கள் விடவில்லை. "கல்யாணத் துணி, இங்க வாரும்" என்று இழுத்துக்கொண்டு போய் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்கள். பட்டப்பெயர் வைத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மாமா இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவமானத்தில் காது இரண்டும் கொதித்தன என்றார்.

அம்மா சோறு பரிமாறிக்கொண்டு வந்தாள். மாமாவின் இலைக்கு முன்னால் வந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? அண்ணைக்கு பஸ்ஸில நீங்க இவருக்குப் பக்கத்துலதான இருந்திய?"

அதைவிடப் பெரிய வாசல் இனி திறக்காது என்று மாமாவுக்குத் தெரிந்ததாம். ஆமாம் என்று ஒரு சொல். நடிக்க வேண்டாம், பாட வேண்டாம். அவர் தலையைத் தூக்குவதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நீ என்னத்துக்கு சும்மா கெடந்து கேக்க? அத்தான் பின்னால எங்கயோ இருந்தாரு. எனக்கு அண்ணைக்கு மலையாளம் நாக்குல வரல்ல, அவ்வளவுதான். வந்திருந்தா நானும் கல்யாணத்துக்குப் போறேன்னுதான் சொல்லியிருப்பேன். உயிருக்குப் பயம் எல்லாருக்கும் உண்டும்லா?"

என் அப்பாவுக்கு மலையாளம் வரவில்லையாம்! சொல்லிவிட்டு அவர் சிரிக்கவும் செய்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா ஜெயா" என்றார் மாமா. "நான் பின்னாலயாக்கும் இருந்தது."

மேடையில் வராத குரல் இப்போது தட்டில்லாமல் வந்தது.

அம்மா வாளியை எடுத்து அவர் இலையில் சோறு வைத்தாள். ஒரு அகப்பையும் குறைக்கவில்லை. பிறகு அப்பாவின் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பருப்பை ஊற்றி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்து, அவருக்கு எடுக்கத் தோதாகச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வைத்தாள். அப்பா மடங்காத கையால் ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்போ நீங்க என்ன மாமா செஞ்சிய?" என்று, இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நான் கேட்டேன்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நல்ல பசி, மக்கா" என்றார். "எலையில ஒரு பருக்கை மிச்சம் வைக்கல்ல."